தொண்டைக்கட்டு

மண்ணடி அப்ரார் இரண்டு டாக் கொடுத்தனுப்பினான்.
ஒன்று பத்தாயிரத்துச் சொச்சம், சோப்பு டப்பா அளவு.
மற்றது முப்பத்தோராயிரம்,
தூக்கினால் குழவிக்கல் கனம்.
"ஒரு வாரம் வெச்சிக் கேளுண்ணே.
காசிமேட்டுக் காத்துல மட்டும் தொறந்து போட்ராத."

எண்களை வாங்கிச் சத்தமாகத் திருப்பித் தரும் பெட்டி,
வேறொன்றுமில்லை.
நொடிக்கு நாற்பத்துநாலாயிரத்து நூறு எண்.
படிக்கட்டு தெரியாமல் அவற்றைச் சரிவாக இழைப்பதில்தான்
இருக்கிறதாம் விலை.

பழையதின் பின்பக்கச் செருகிகள் பச்சை பூத்துவிட்டன.
எங்கள் தெருவில் உப்பு
எதையும் ஒருமுறை நக்கிப் பார்க்கும்:
கேட்டுத் தாழ்ப்பாள், சைக்கிள் மணி,
சிலுவை மாட்டிய ஆணி.

முதல் இரவு மாடிவீட்டு மோட்டார் ஓடியது.
பத்தாயிரமும் முப்பத்தோராயிரமும்
ஒரே சுருதியில் முனகின.

பெரிய பெட்டியோடு வந்த கையேட்டில் ஒரு வரைபடம்.
இருபதில் தொடங்கி இருபதாயிரம் வரை
ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.
என்னிடமும் ஒன்று இருக்கிறது,
கன்டெய்னர் யார்டில் வருடா வருடம் எடுப்பது.
கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்பார்கள்.
கேட்காதபோதும் அமுக்கியிருக்கிறேன்,
வேலை போய்விடுமே.
அப்படியும் இடது காதின் கோடு
மூவாயிரம் வரை ஒழுங்காக நடந்து வந்து
நாலாயிரத்தில்
மூடி இல்லாத மேன்ஹோலில் விழுந்துவிட்டது.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
சிரிப்புதான் வந்தது.

கிருபா எல்.ஐ.சி. ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
வயரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லிவிட்டு
சுவரைப் பார்த்து நின்றேன்,
வகுப்பில் தண்டனை வாங்கியவன் மாதிரி.
பத்துத் தடவை சொன்னேன். ஐந்து சரி.
காசு சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

அவள் திரும்பிக்கூட நிற்கவில்லை.
"இந்தக் கனமான பொட்டில
அந்தம்மாவுக்குத் தொண்ட கட்டியிருக்கு."
"எங்க?"
"மேல போவும்போது, ஓரத்துல.
வெந்நி குடிச்சிட்டு வந்திருக்கணும்."
"சின்னதுல?"
"அதுல நல்லாத்தான் பாடுறாங்க."

அறுபது வருடத்துக்கு முந்திய பதிவு.
அன்றைக்கு லீவு கேட்டிருப்பார்,
வாத்தியக்காரர்கள் எல்லோரும் வந்தாயிற்று என்றிருப்பார்கள்.
மறுபடி போட்டேன். மறுபடி. வலது காதைத் திருப்பிவைத்து.
எனக்குப் பாடியவர் திடகாத்திரமாகவே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்ராருக்குப் போன் போட்டேன்.
"வித்தியாசம் தெர்லன்னா சின்னதே போதும்ணே,
விக்கிறவன் நானே சொல்றேன்."
பெரியதை வைத்துக்கொள்கிறேன் என்றேன்.
கொஞ்ச நேரம் அந்தப்பக்கம் சத்தமில்லை;
மண்ணடி ஆட்டோக்கள் மட்டும்.

கிருபாவிடம் பன்னிரண்டாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.
ரசீதையே தொழிலாக வைத்திருப்பவளிடம்!
பில்லை என் சாப்பாட்டுப் பையில்தான் மடித்து வைத்திருந்தேன்.
அந்தப் பையைக் கழுவிக் காயப்போடுவதும் அவள்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
பெட்டிமேல் மட்டும் ஒரு பழைய துண்டைப் போர்த்தியிருந்தாள்,
உப்புக் காற்றுக்கு.

ராத்திரி பத்தரைக்குப் பிறகு
டிரெய்லர்கள் துறைமுக வாசலுக்கு வரிசைகட்டி
எஞ்சினை அணைக்காமல் நிற்கும்.
அதற்குள்ளேயே பாட்டு ஏறும்.
நான் ஸ்பீக்கரைப் பார்ப்பதில்லை, அவளைப் பார்க்கிறேன்.
மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில்
அவள் புருவம் லேசாகச் சுளிக்கும்.

அங்கேதான் போல.

நான் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.