ஃபைனல் செக்கிங்

எட்டு மணி நேரம்
ட்யூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
ஓட்டை தேடுவது என் வேலை.
ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல்.
கண்டால் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு உருப்படி.

நாடாவை மட்டும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

அனுப்பர்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டு வாசலில்
வேஸ்ட் துணி மூட்டைமேல் சுருண்டு கிடப்பாள்.
முதலில் காதோரம் முடி கொட்டியது.
வெயில் ஏறுகிறது, உதிரும் என்றேன்.
பிறகு முழங்கை, வயிறு.
ராத்திரி இரண்டு மணிக்கு
சிமெண்டுத் தரையில் அவள் பின்னங்கால்
டக் டக் டக் டக்.
பக்கத்து வீட்டில் ஓவர்லாக் ஓடுகிறதென்று
தூக்கத்திலேயே முடிவு செய்துகொள்வேன்.
பங்குனியில் தோல் தடித்து
யானைத்தோல் ஆகிவிட்டது.

லேத் பட்டறை ஈஸ்வரமூர்த்தி
கரி ஆயில் ஒரு டப்பா கொண்டுவந்தார்.
"நல்லாப் பூசியுடுங்க, பூச்சி பூராச் செத்துரும்."
ரங்காத்தாள் வேப்பெண்ணெய் என்றாள்.
கடைசி வீட்டுக்காரர் டீசல்.
வீட்டு ஓனர் குழந்தைசாமி
காம்பவுண்ட் கேட்டைப் பிடித்தபடி சொன்னார்:
"ஏனுங் அம்மிணி,
நொய்யலுக்கு அக்கட்டால உட்டுப்போட்டு வந்துருங்க."

டப்பா மூடியைத் திறந்தேன்.
தீனி என்று நினைத்து
நாக்கை நீட்டினாள் நாடா.
மூடிவிட்டேன்.

அரை நாள் லீவு. ஷேர் ஆட்டோ ஏற்றவில்லை.
ஏற்றுமதி அட்டைப்பெட்டியில் உட்காரவைத்து
டிவிஎஸ்ஸின் முன்னால் வைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் நர்மதா கையுறை மாட்டிக்கொண்டு
காது மடலின் ஓரத்தை விரலிடையில் தேய்த்தார்.
பின்னங்கால் தானாகவே காற்றைச் சொறிந்தது.
"இதுலயே பாதி தெரிஞ்சுபோச்சு."
பிளேடு முனையால்
ஒரு பொட்டு ரத்தம் கசியும்வரை சுரண்டி
கண்ணாடித் துண்டில் தடவி
மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.
என்னையும் பார்க்கச் சொன்னார்.

உருண்டையாக, குட்டைக் கால்களோடு,
பதினோரு வருஷ செக்கிங்கில் முதல்முறையாக
ஒரு டிஃபெக்ட் நடந்து போனது.

"சொறிப்பூச்சி.
எல்லாச் சொறியும் இதுதான்னு நினைச்சுக்காதீங்க.
தெள்ளு இருக்கு, உண்ணி இருக்கு, படை இருக்கு,
தின்கிறது ஒத்துக்காமக்கூட வரும்.
ஆயில் ஏதும் பூசலையே?
தோல்லயும் இறங்கும், நக்கினா வயித்துக்கும் போகும்."

எழுதிக்கொண்டே என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார்.
கையை முந்தானைக்குள் இழுத்தேன்.
"எத்தனை நாளா?"

விரலிடுக்கில் சின்னச் சின்னச் சிவப்பு.
யாரோ எனக்கு அம்பு ஒட்டியிருந்தார்கள்.

நாடாவுக்குப் பதிமூன்று கிலோ எடைக்குக் கணக்காக
மாத்திரை, மாதம் ஒன்று.
எனக்குப் பெரியாஸ்பத்திரியில்
கழுத்திலிருந்து பாதம்வரை களிம்பு.
மூட்டையை அப்புறப்படுத்தினேன்.
அவள் படுத்த சாக்கு, என் போர்வை
எல்லாம் ஒரே அண்டாவில் கொதித்தன.

வாரம் ஒரு குளியல்.
நுரை பத்து நிமிஷம் ஊற வேண்டும்.
அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே,
பீஸ் ரேட்டில் போட்டால் இருபது உருப்படி.
நடுங்கிக்கொண்டே என்னைப் பார்ப்பாள்.
நான் செல்போன் கடிகாரத்தைப் பார்ப்பேன்.
ஏழாவது நிமிஷத்தில் உதறுவாள்.
இரண்டு பேரும் வெள்ளையாகிவிடுவோம்.

ஒரு நாள் பொழுதோட
குழந்தைசாமி கேட்டருகே நின்றார்.
"அந்த டாக்டரம்மா எந்நேரம் இருப்பாங்க?"
கக்கத்தில் அவர் வீட்டுப் பொமரேனியன்,
வாலடியில் முடியில்லாமல்.
நாடாகிட்டருந்து தொத்திக்கிச்சு என்றுதான்
போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.
அதற்குத் தெள்ளாம். வேறு மருந்தாம்.
அவர் சொல்லவில்லை, ரங்காத்தாள் சொன்னாள்.
நொய்யல் பேச்சு அதோடு நின்றது.

இரண்டு மாதத்தில் முடி முளைத்தது,
பழையதைவிடக் கொஞ்சம் வெளுப்பாக.
ஷேடு ஒத்துவரவில்லை.
கம்பெனியில் என்றால் செகண்ட்ஸில் போட்டிருப்பேன்.

மறுபடி சுரண்டிப் பார்த்தபோது எதுவும் இல்லை.
"நிறுத்திரலாங்களா?"
"இன்னொரு தடவையும் சுத்தமா வரட்டும்."
அது எனக்குப் புரியும்.

நேற்று இரண்டு மணிக்கு டக் டக் டக் டக்.
பதறி எழுந்து லைட் போட்டேன்.
நாடா கால் நீட்டித் தூங்குகிறாள்.
பக்கத்து வீட்டில்
ஓவர்லாக் ஓடிக்கொண்டிருந்தது.