மூன்று படிவங்கள்

கிஷினாவில் பனி உருகிச் சேறான மாதம்.
ஒரே நாட்டை மூன்று முறை அளக்க
மூன்று இடங்களிலிருந்து எனக்குக் கூலி.

ஒரு படிவம் பத்துக்குக் கேட்கிறது.
ஒன்று நூற்றுக்கு.
மூன்றாவதில் இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை.
எனக்குப் பிடித்தது அதுதான்.
பொய் சொன்னாலும் சீக்கிரம் முடிந்துவிடும்.

முந்தைய ஆட்சியில் இந்த வேலையே கிடையாது.
அப்போது ஒரே எண்,
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.
மிச்சமிருந்த அந்தப் புள்ளி ஒன்று யாராயிருக்கும் என்று
பள்ளிக்கூடம் போகையில் யோசித்திருக்கிறேன்.
குடித்துவிட்டுத் தூங்கிப்போன ஒருவர்,
அல்லது நிஜமாகவே ஒருவர்.

விடுதி மாநாட்டில்
காப்பி ஆறும்வரை இரண்டு பேராசிரியர்களுக்குச் சண்டை.
பெருக்க வேண்டும் என்றார் ஒருவர்,
ஓரிடத்தில் பூஜ்யம் என்றால் எல்லாமே பூஜ்யமாகட்டும்.
அவ்வளவு கொடுமை வேண்டாம், கூட்டுங்கள் என்றார் மற்றவர்.
கூட்டினால்
நல்ல நீதிமன்றத்தின் முதுகில் ஏறிக்கொண்டு
கெட்ட தொலைக்காட்சி ஆற்றைக் கடந்துவிடுமே?
நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.
பூஜ்யம் என்ற சொல்லுக்கு மட்டும்
இருவரும் தலையாட்டினார்கள்.

என் கையையும் அளப்பார்கள்.
இல்லாத நாடுகளைத் தருவார்கள்.
'அ' நாட்டில் நீதிபதியை அமைச்சர் மாற்றலாம்.
'ஆ' நாட்டில் மாற்ற முடியாது,
ஆனாலும் மாறிவிடுகிறார்கள்.
மதிப்பெண் போடு.
நான் கறாரா, தாராளமா என்று அதில் கண்டுபிடித்து
என் கோணலைக் கழித்துவிடுவார்களாம்.
இருபது வருடம் முன்பு இரண்டு போட்ட கேள்விக்கு
இன்று மூன்று போடுகிறேன்.
நாடு தேறியதா, நான் களைத்தேனா?
கழிப்பவர்களுக்குத் தெரிந்தால்
எனக்கும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

தேர்தலன்று நிஸ்த்ரு கரையில் ஒரு கிராமம்.
உடற்பயிற்சிக் கூடம்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே வாக்குப்பெட்டி.
பட்டியலில் அறுநூற்றுச் சொச்சம் பெயர்.
பாதிப் பேர் பார்மாவில்
வேறு யாருடைய பெற்றோரையோ குளிப்பாட்டுகிறார்கள்.
போன வாரம் வீட்டுக்கு ஒரு பை வந்ததாம்,
சூரியகாந்தி எண்ணெயும் இரண்டு கிலோ அரிசியும்.
வாங்கினீர்களா?
வாங்கினேன், என்றாள் அக்ரிபினா.
கொடுத்தவருக்கே போட்டீர்களா?
எண்ணெய்க்குக் காது உண்டா என்ன?
வரிசையே சிரித்தது.
இந்தச் சிரிப்புக்குப் பத்துக்கு எவ்வளவு?

மதியம் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
எழுந்து வர முடியாதவர்கள் வீடுகளுக்குப் போனோம்.
ஹரலாம்பி, கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர்,
இடுப்புக்குக் கீழே அசைவில்லை.
மகன் முத்திரையைக் கையில் வாங்கினான்:
அப்பாவுக்குக் கண் மங்கல், நானே குத்திவிடுகிறேன்.
அவர் எங்களைப் பார்த்தார்.
பிறகு மகனை.
எல்லோரும் வெளியே, என்றார்.

வெளியே மழை.
கூரை ஓரம் போதவில்லை.
தேர்தல் அலுவலர், இரண்டு கட்சிக்காரர்கள், மகன், நான்,
எந்தக் கட்சியும் இல்லாத ஒரு நாய்.
பதினோரு நிமிடம்.
உள்ளே ஏதோ விழுந்து உருண்டது.
மகன் கைப்பிடியில் கை வைத்தான்,
எடுத்துக்கொண்டான்.

பிறகு முத்திரை விழும் சத்தம்,
ஒரு முறை,
சற்றுப் பொறுத்து
இன்னொரு முறை.

இரண்டு இடத்தில் குத்தினால் சீட்டு செல்லாது.
முதலாவது, மை இருக்கிறதா என்று
மேசையில் பார்த்ததாகவும் இருக்கலாம்.
எல்லோருக்கும் கேட்டது. யாரும் கேட்கவில்லை.
நான்காய் மடித்த சீட்டு பெட்டிக்குள் போனது.

இரவு படிவங்களை முடித்தேன்.
பத்துக்கு ஆறு.
நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
ஆம்.
பிற குறிப்புகள் என்ற கட்டத்தில்
கிழவர், மழை, கைப்பிடி எல்லாம் தட்டினேன்.
சிவப்பில் வந்தது: எண் மட்டும்.
அழித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டேன்.

இனி அதைப் பெருக்குவார்களோ,
கூட்டுவார்களோ.