ஏழு புள்ளி இரண்டு

பன்னிரண்டுக்கு எட்டு. ஆழம் நாலடி.
எர்ணாவூரில், கார் நிறுத்த விட்டிருந்த இடத்தில்
விருப்ப ஓய்வுப் பணத்தில் பாதியைத்
தண்ணீராக்கினேன்.
தெரு சிரித்தது.
"நாங்க லாரிக்குக் குடத்தோட நிக்கிறோம்,
ஒனக்கு இன்னாத்துக்கு சார் நீச்சலு?"
போர் தண்ணீர்தான் ரமீஜா, வாயில் வைக்க முடியாத உப்பு.
நீச்சலும் இல்லை. புனிதவல்லியின் முட்டி.
தரையில் நடந்தால் எலும்பை எலும்பு தேய்க்கிறது,
தண்ணீரில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மோட்டார் மாட்ட வந்த பையன்
வெள்ளை டப்பா ஒன்றும் கொண்டுவந்தான்.
"வாரத்துக்கு ரெண்டு கைப்பிடி. அவ்ளோதான்."
மூடியைத் திருகினான்.

இருபத்திரண்டு வருடம்
மணலியில் சிலிண்டர் நிரப்பும் கொட்டகை.
அம்மோனியாவில் நனைத்த துணியை
வால்வின் கழுத்தருகே நீட்டி
வெண்புகை எழுகிறதா என்று பார்ப்பது என் வேலை.
எழுந்தால் ஓடு. காற்று வரும் திசைக்கே ஓடு.
ஒருநாள் ஓடினேன்.
கூட ஓடிவந்த கஜபதி
பாதியில் உட்கார்ந்து பெல்ட்டைத் தளர்த்தினான்,
அதோடு சரி.

மூடு தம்பி, என்று சொல்ல வாய் திறந்தேன்.
முதலில் இருமல்தான் வந்தது.

அன்றிலிருந்து தண்ணீரின் கணக்கு என்னிடம்.
செம்பும் வெள்ளியும் கலந்த இரண்டு பட்டைகள்,
பன்னிரண்டு வோல்ட்,
கரைந்து கரைந்து பாசியைத் தடுக்கின்றன.
செம்பு கூடினால் ஓரத்து டைல் பச்சை,
குறைந்தால் தண்ணீரே பச்சை.
இரண்டு பச்சைக்கும் நடுவில்
நாற்பது பக்க நோட்டுடன் நிற்கிறேன்.
காரத்தன்மை இறங்கினால் ஆப்ப சோடா.
கிலோ கணக்கில் கேட்கும்போது செல்வின் கேட்கிறான்:
"ஓட்டல் கீட்டல் போட்டிருக்கீங்களாண்ணே?"

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.
சாம்பல் இல்லை.

வடகாற்று திரும்பும் மாதங்களில்
எண்ணூர்ப் பக்கமிருந்து வரும்.
கொடித் துணி, மாடிப்படி, முருங்கை இலை,
பிறகு குளம்.
சலித்த மாவாய் மிதந்து
அவசரமில்லாமல் இறங்கும்.
மறுநாள் காலை சோதனைக் குழாயில்
ஐந்து சொட்டு விட்டால்
பப்பாளி நிறத்தில் நிற்க வேண்டிய தண்ணீர்
நாவல்பழம் தின்ற நாக்காகிறது.
எட்டு புள்ளி நாலு.
அட்டையில் அதற்கு மேல் நிறமில்லை.

இறக்க அமிலம் வேண்டும்.
டோல்கேட் போய் ஐந்து லிட்டர் கேன் வாங்கிவந்து
அளக்கச் சாய்க்கும்போது
அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன்.
எங்கள் கம்பெனி.
கொட்டகைக்குப் பின்னால்
அதே குளோரினை ஹைட்ரஜனோடு எரித்து
தண்ணீரில் கரைத்து எடுப்பது.
டீ நேரத்தில் கண்ணாடித் துளை வழியே
அந்தச் சுடரைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன்,
கஜபதி தோளில் கை போட்டுக்கொண்டு.

வாசலிலேயே திருப்பி அனுப்பியவன்
புழக்கடை வழியாக வந்து
சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னாய்யா, கேனையே பாத்துக்கினு?"
இதுலயும் அதுதான் இருக்கு.
"நாறுதா?"
கொஞ்சம். வேற மாதிரி.
"நெஞ்சு அடைக்குதா?"
இல்ல.
"அப்ப இறக்கு. எனக்குக் கால் மரத்துப்போச்சு."

முதலில் நீ ஏறு, என்றேன்.
வாளித் தண்ணீரில் அமிலத்தை விட்டேன்,
அமிலத்தில் தண்ணீரை அல்ல,
கை மறக்கவில்லை.
ஓரமாகச் சுற்றி ஊற்றினேன்.
மோட்டார் அதை அடிவரைக்கும் கொண்டுபோனது.
பிளாஸ்டிக் நாற்காலியில் ஈர நைட்டியோடு
அவள் அரை மணி நேரம்
என் குளத்துக்காகக் காத்திருந்தாள்,
வீங்கிய முட்டிகளை உள்ளங்கையால் மூடி.

ஐந்து சொட்டு. குலுக்கி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
"இன்னா கலரு?"
பப்பாளி.
"பழமா, காயா?"
செங்காய்.
கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் வைத்து
இறங்கினாள்.

மூன்றாவது சுற்றில் கவனித்தேன்,
அவள் தோளில் கடுகளவு சாம்பல்.
தட்டிவிடவில்லை.
நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினேன்:
ஏழு புள்ளி இரண்டு.
காற்று, வடக்கிலிருந்து.