கடலின் பங்கைக் கழித்தபின்

நவம்பர் பதினொன்று. விடிய நாலரை.
பருத்தித்துறையில் மழை விட்ட ஐந்தாவது நிமிடம்
மொட்டைமாடிக்கு ஏறுகிறேன், ரோச்சைப் பல்லில் கடித்தபடி.
புனலின் கீழே போத்தலில்
முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிலீற்றர்.
நேற்றையது காகம் எச்சமிட்டுப் பழுதாய்ப் போனது.
அதையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன்:
"காகம். ஊற்றியாயிற்று."

பார்வைக்கு ஒன்றுமில்லை.
மணமில்லை. நாக்கில் வைக்க அனுமதி இல்லை,
முதல் வருசம் ஒருநாள் வைத்துப் பார்த்தேன்.
மழையின் ருசிதான்.

மின்வாய் அப்படிச் சொல்லவில்லை.
எண் கொஞ்சம் தத்தளித்து
நாலு தசம் ஒன்பதில் நின்றது.
ஒருத்தர் புகையும் படாத மழைக்கும்
இலேசாய் ஒரு புளிப்பு உண்டு.
இது அதைவிடக் கூட.
"கொஞ்சம்தானே" என்பார்கள்.
இந்த ஏணியில் ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு.

பிறகு கழித்தல்.
கடல் இருநூறு யார் தள்ளிக் கிடக்கிறது,
மழையில் கை வைக்காமல் இராது.
சோடியம் எவ்வளவென்று பார்த்து
அதோடு வந்த சல்பேற்று இவ்வளவென்று
கடலின் பங்கைக் கடலுக்கே எழுதிவிடுகிறேன்.
மீதி இருக்கிறது.
ஒவ்வொரு மாரியிலும் மீதி இருக்கிறது.

அந்த மீதிக்கு ஊர் தேடுவது என் வேலை.
கணினியில் வாடைக்காற்றைப் பின்னோக்கி நடத்துகிறேன்:
நேற்று நடுக்கடல்,
மூன்று நாள் முன்னே வங்கக் கழிமுகம்,
ஐந்து நாள் முன்னே கங்கைச் சமவெளியில் எங்கோ
கோடு விசிறியாய் விரிந்து கலங்கிப்போகிறது.
அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியா,
செங்கல் சூளையா,
அறுத்த வயலில் வைக்கோலுக்கு வைத்த தீயா,
பிள்ளைக்குப் பால் காய்ச்ச ஒருத்தி மூட்டிய அடுப்பா,
கோடு சொல்லாது.

றெஜினோல்ட் நோர்வேயில் மலையேறிப் பனி தோண்டுகிறான்,
என்னோடு ஒரே வாங்கில் இருந்து இரசாயனம் படித்தவன்.
அவன் குழியின் சுவரில்
குளிர்காலம் தட்டுத்தட்டாய் நிற்கிறதாம்,
எந்தக் கிழமை எந்தக் காற்றென்று விரலால் தொடலாமாம்.
ஒரு தட்டை உருக்கி வடித்த தாளின் படம் அனுப்பியிருந்தான்:
ஐந்து ரூபாய்க் குத்தி அளவில் ஒரு சாம்பல் வட்டம்.
"உருகத் தொடங்கேக்கை முதல் தண்ணியிலதான்
அமிலம் கூட ஓடும்.
ஓடையில மீன்குஞ்சுக்கு அது கெட்ட கிழமை.
உன்னட்டை என்ன நிலைமை?"

என்னிடம் தட்டுகள் இல்லை, றெஜி.
இங்கே மழை மண்ணில் இறங்கிச்
சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் புளிப்பு அடங்கிவிடும்.
கிணற்றில் பார்த்தால் ஏழரை. சாட்சி இல்லை.
நடுநிலையாக்கல் என்று ஒரு வரியில் படித்தோமே,
அந்த வரியில் கரைந்துபோனது
எங்கள் காலுக்குக் கீழே இருக்கிற கல்.

மதிலுக்கு அப்பால் வெங்காயப் பாத்தியில் குலவீரசிங்கம்.
"என்ன பிள்ளை, மழையில வெளிநாட்டு அழுக்கு இருக்காமே?"
"ஓமண்ணை. கொஞ்சம்."
"எங்கட பக்கத்தால ஒண்டும் போகாதே?"
அவர் கையில் யூரியாப் பை.
அவர் கிணற்று நைத்திரேற்று
என் போத்தலில் இருப்பதைவிடப் பல மடங்கு,
போன மாதமே சொல்லியிருந்தேன்.

சோளகம் பிறந்தால் காற்றுத் திரும்பும் என்றேன்.
எங்கள் பஸ்களின் புகை, குப்பைமேட்டின் புகை,
இந்தப் பாத்தியிலிருந்து எழும்பும் அமோனியாவும்
கடல் தாண்டும்.
அங்கேயும் ஒரு கூரையில் புனல் இருக்கும்.
யாரோ கடலின் பங்கைக் கழித்துவிட்டு
மீதிக்கு ஊர் தேடுவார்கள்.

அவர் பையைக் கீழே வைத்தார்.
"அப்ப அவையளும் எங்களை ஏசுவினம்" என்றார்.
பாதி போட்டார்.
மீதியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்,
விலை ஏறினதாலோ என்னவோ.

ஏழு மணிக்குத் திரும்பவும் தூறல்.
போத்தலைக் காய்ச்சி வடித்த நீரால் மூன்று தரம் அலசிப்
புனலின் கீழே வைத்தேன்.
மதிலில் அந்தக் காகம்
தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.