பின்பக்கச் சுவிட்ச்

இடக்கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள்.
வேலை செய்வது வலக்கை மட்டும்.
இரண்டையும் உள்ளே விட்டால்
நடுவில் இருப்பது நெஞ்சு.

பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆனாலும்
மின்தேக்கி தன் நானூறு வோல்ட்டை மறக்காது,
கறுவிக்கொண்டிருக்கும்.
முதலில் அதை வடிக்க வேண்டும்.
பிறகுதான் பேச்சு.

ரீனோ சாரெலா முதல்முறை வந்தது நவம்பரில்.
டுலூத்தில் அன்று ஏரியும் வானமும் ஒரே தகரம்.
ஆம்ப்பை இறக்கி வைத்து
"போர்வைக்குள்ளிருந்து பாடுகிறது" என்றார்.
பழைய வரைபடத்தைப் பார்த்து
யாரோ பொறுமையாகக் கட்டிய வால்வுப் பெட்டி.
எனக்கு அதில் போர்வை எதுவும் கேட்கவில்லை.
காசு அவருடையது.
இரண்டாம் கட்டத்தின் கேத்தோடில்
இருபத்தைந்து மைக்ரோஃபாரட்டைக் கழற்றி
ஒன்றை வைத்தேன்.
அடித்தொண்டை மெலிந்தது.
வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார்,
பத்து டாலர் குறைத்துக் கொடுத்தார்.

டிசம்பரில் மறுபடி.
"இன்னும் கொஞ்சம் விளிம்பு வேண்டும்."
வால்யூம் திருகின் குறுக்கே
நூற்றிருபது பிகோஃபாரட்,
பொட்டுக்கடலை அளவு பீங்கான்.
ஒலியைக் குறைத்தாலும்
கூர்மை மட்டும் தப்பி ஓடிவர
ஒரு சந்து.

ஜனவரியில் கூடவே மார்லிஸும் வந்தார்.
கைப்பையில் பஞ்சு.
"வியாழக்கிழமைகளில் முன்மேஜைகளில்
இப்போது யாரும் உட்காருவதில்லை" என்றார்.
ரீனோ சன்னல் பக்கம் திரும்பி
பனி வாரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆம்ப்பைத் திறக்கவில்லை.
அதிர்வு எழுப்பும் கருவியை எடுத்து
ஸ்பீக்கரில் மாட்டினேன்.
ஆயிரம். "கேட்கிறது."
இரண்டாயிரம். "ம்."
மூவாயிரத்துக்கு ஒரு விரல் உயர்ந்தது, பாதி.
நாலாயிரத்து ஐந்நூறு.
மேஜையடியில் படுத்திருந்த என் நாய்
எழுந்து வெளியே போயிற்று.
மார்லிஸ் காதைப் பொத்திக்கொண்டார்.
ரீனோ பொறுமையாகக் கேட்டார்:
"எப்போது தொடங்கப் போகிறாய், லோர்னா?"

கருவி பழுது என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவரே,
"எங்கள் கெண்டி கூவுவதை விட்டு நாலு வருஷமாயிற்று.
ஆவி மட்டும்தான் வருகிறது."

இருபத்தாறு வருஷம்
தாதுத் துறைமுகத்தில்
ரயில் பெட்டிகள் வயிறு திறந்து கொட்டும் சத்தத்துக்குக்
கீழே நின்றவர்.
டாக்டரிடம் சொல்லாததை
ஒரு பெட்டியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார்,
மூன்று முறை.

வரைபடத்தில் காதுக்கு இடமில்லை.
கிட்டாரில் தொடங்கி
ஸ்பீக்கரோடு முடிந்துவிடுகிறது தாள்.

அன்றிரவு ஒரு இரட்டைச் சுவிட்ச்.
மேலே தள்ளினால் மெலிந்த தொண்டை, திறந்த சந்து,
அவருக்கு.
கீழே தள்ளினால் பழைய இருபத்தைந்து திரும்பும்,
சந்து மூடும்,
மற்ற எல்லோருக்கும்.
காதும் காதும் வைத்தாற்போல
பின்பக்கம், ஃபியூஸுக்கு அருகில் துளையிட்டேன்.
மேல் கீழ் எதற்கும் பெயர் எழுதவில்லை.
தள்ளும்போது ஒரு 'டொப்'.
பெரிய மின்தடை ஒன்றைப் போட்டும்
முழுசாகப் போகவில்லை.

வியாழக்கிழமை முன்மேஜையில் உட்கார்ந்தேன்.
அவர் கை ஆம்ப்பின் பின்னே போனது. டொப்.
கீழே.
தனக்குப் போர்வையாகிப்போன ஒலியில்
இரண்டு பாட்டு வாசித்தார்,
விரல்களைப் பார்க்காமல்
மார்லிஸின் புருவத்தைப் பார்த்து.

மூன்றாவதில், தனி வாசிப்புக்குச் சற்று முன்,
டொப்.
எட்டே எட்டுச் சுற்று.
பக்கத்து மேஜைக்காரர் பீரை வைத்துவிட்டு
முகம் சுளித்தார்.
மார்லிஸ் பஞ்சை எடுத்தார்,
வைத்துக்கொள்ளவில்லை.
ரீனோ கண்ணை மூடியிருந்தார்.
பிறகு மறுபடி டொப்.

அந்தச் சத்தத்தைச் சரிசெய்து தருகிறேன்,
காசு வேண்டாம், கொண்டுவாருங்கள் என்று
பில்லிலேயே எழுதியிருந்தேன்.
மார்ச் வந்துவிட்டது, ஏரி உடைகிறது.
அவர் கொண்டுவரவில்லை.
நானும் கேட்கவில்லை.