துண்டு

மல்லாவிச் சந்தி. கரண்ட் போன மத்தியானம்.
கோணேஸ்வரி துண்டை நீட்டுகிறாள்:
சிப்ரோ, ஐந்து நாள், இரண்டு நேரம்.
சலக்கடுப்பாம்.

"அப்பிடியே அந்தச் சிவப்பிலும் ஒரு காட் தாங்கோ,
தோள் நோவுக்கு."
டைக்ளோபெனக். கிழமைக்கு ஒரு காட்,
மூன்று வருசமாய் நான்தான் விற்கிறேன்
ஒன்றும் கேளாமல்.

இன்றைக்குக் கேட்டேன். "வலிப்பு ஏதும் வந்ததா?"
"ரெண்டு தரம். வயலுக்குள்ள. விழுந்து எழும்பிட்டன்."
காதுக்குப் பின்னால் மயிரை விலக்கினாள்.
"துண்டு இருக்கு. எடுக்கேலாதாம்."

"டொக்டரிட்டச் சொன்னனீங்களா?"
"எல்லாரிட்டையும் கிடக்கிறதுதானே,
அதையும் ஒரு வருத்தமெண்டு சொல்லுறதே?"

வலிப்புக்காரருக்கு
சிப்ரோவே யோசித்துக் கொடுக்கிற சாமான்.
சிவப்பும் சேர்ந்தால்
கண்ணயர்ந்த இரும்பை
இரண்டு பேர் தட்டி எழுப்புகிற மாதிரி.

ஆஸ்பத்திரித் தொலைபேசி அடித்து ஓய்ந்தது.
காட்டை லாச்சிக்குள் திருப்பி வைத்தேன்.
பேனையை எடுத்து
துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன்:
தலையில் துண்டு. வலிப்பு இருமுறை.
தினம் டைக்ளோ.
வேறு மருந்து பார்க்கவும்.

"திரும்பவும் அங்கையோ?
பன்னிரண்டரை பஸ் போட்டுதே."

வெயிலுக்குள் இறங்கினவள்
படியில் நின்று கேட்டாள்:
"அப்ப இண்டைக்கு இரவு நோவுக்கு?"

பனடோல் இரண்டு வெட்டிக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.