குப்பை அல்ல

பரெய்ரோ நகர மன்றத்துக்கு
மூன்று வருடத்தில் பதினேழு கடிதம் எழுதினேன்.
எல்லாம் ஒரே விளக்கைப் பற்றி.
ஆற்றுப் படிக்கட்டின் நடுவே ஒரு கம்பம்,
அதன் தலையில் ஒரு கண்ணாடிக் குண்டு,
உள்ளே செத்த பூச்சிகள். வேறொன்றுமில்லை.

பதில் வரவில்லை.
பதில் வராவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா?
காரணம் சமைத்தேன்.
போன தேர்தலில் மேயரின் துண்டறிக்கையை
அவர் ஆளின் கண்முன்னாலேயே
மீன் கழுவிய தரையில் நழுவவிட்டேன்.
அடுத்த மாதம் விளக்கு அணைந்தது.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
இதைவிட உறுதியாக எவனும் முடிச்சுப் போட்டதில்லை.
மதுக்கடையில் அல்பெர்த்தீனு மேசையைத் தட்டினார்:
"வேண்டுமென்றே செய்கிறார்கள்."

வேண்டுமென்றே.
அந்தச் சொல்லைத் துணைக்கு வைத்துக்கொண்டால்
இருட்டில் படியேறுவது சுலபம்.
நாற்பத்தொரு படி.
பகையை எண்ணிக்கொண்டே ஏறினால்
முட்டி வலிக்காது.

இதற்கிடையில் எனக்கும் தபால் வந்தது,
நாள் தவறாமல்.
கப்பல் விபத்தில் புருஷனை இழந்த ஒரு சீமாட்டி
நாலு மில்லியனை என்னிடம் ஒப்படைக்கத் துடித்தாள்.
மேயரும் எழுதினார்:
"அன்பு நண்பரே, இன்றே முடிவெடுங்கள்,
உங்கள் எதிர்காலம் காத்திருக்கிறது."
இரண்டுக்கும் ஒரே இலக்கணம்.
சீமாட்டியை இயந்திரம் குப்பையில் தள்ளியது,
மேயரைக் கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்தது.
சீமாட்டியாவது
என் உடல்நலம் விசாரித்திருந்தாள்.

சென்ற செவ்வாய், மழையோடு, நேரில் போனேன்.
மூன்றாம் ஜன்னலில் டுல்ஸ் என்று பெயர்ப்பட்டை குத்திய பெண்.
உரித்த ஆரஞ்சுத் தோலை
விசைப்பலகை ஓரமாக வரிசை வைத்திருந்தாள்.
என் பெயரைத் தட்டினாள். உதட்டைக் கடித்தாள்.
திரையை என் பக்கம் திருப்பினாள்.

பதினேழும் இருந்தன. திறக்கப்படாமல்.
எனக்கு மேலே ஆண்மை மாத்திரை.
எனக்குக் கீழே இலவசக் கைப்பேசி.

"நீங்கள் 'அவசரம்' என்று ஆரம்பிக்கிறீர்கள்.
'கடைசி எச்சரிக்கை' என்கிறீர்கள், பதினேழு தடவையும்.
முழுக்கப் பெரிய எழுத்து, நாலு ஆச்சரியக்குறி,
அதோடு 'என் வரிப்பணம்'.
பணம் என்று கண்டாலே அது ஒதுக்கிவிடும், ஐயா.
யாரும் எதுவும் செய்யவில்லை.
இங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது."

ஆறுதலாகத்தான் சொன்னாள்.

முப்பத்தொரு வருடம்
லிஸ்பன் படகில் சீட்டு சோதித்தவன் நான்.
முகத்துக்கு முன்னால் செருப்பைப் பார்ப்பேன்.
தேய்ந்த குதிகால், பைக்குள் மெதுவாகப் போகும் கை.
ஒரு சோற்றை நசுக்கிப் பானையைச் சொல்லும் வேலை.
பத்துக்கு ஒன்பது சரியாகவே இருக்கும்.
பத்தாவதாக ஒருத்தி,
மழையில் கூழாகிப்போன காகிதத்தை ஏந்தி
"இதுதான், இதுதான்" என்று
இறங்குதுறை வரும்வரை காட்டிக்கொண்டே இருந்தாள்.
அபராதம் எழுதினேன்.
அவள் பெயரில் ஒரு எழுத்துப்பிழை வேறு.

டுல்ஸ் ஒரு பொத்தானை அழுத்தினாள்: குப்பை அல்ல.
அடுத்தது: குப்பை அல்ல.
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.
ஒவ்வொரு அழுத்தலுக்கும்
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
மூன்று வருடமாக ஒரு நகரமே
என்னை வெறுத்ததாக நினைத்திருந்தேன்.
அதில் ஒரு சுகம் இருந்திருக்கிறது,
இப்போதுதான் தெரிகிறது, போன பிறகு.

விளக்கா?
மின் பிரிவுக்கு அனுப்பியாயிற்றாம்.
மின் பிரிவுக்கும் ஒரு பெட்டி இருக்கும்.

இரவு, படியடியில் அல்பெர்த்தீனு நின்றிருந்தார்.
கைத்தடியை உயர்த்திக் கம்பத்தைக் காட்டி
"பார்த்தீரா, உம்மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை அவருக்கு"
என்றார், கிட்டத்தட்ட மரியாதையோடு.

ஆமாம் என்றேன்.
இருவரும் ஏறினோம்.
இருபதாம் படியிலேயே
முட்டி வலித்தது.